பெட்டிக்குள் மழை

இல்லை, ஓடிப்போகவில்லை. ஓடிப்போகிறவர் விடியுமுன் போவார், பின்பக்கமாகப் போவார். எங்கள் வீட்டுக்காரர் பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, தெருவே பார்த்துக்கொண்டிருக்க நடந்துபோனார். நடப்பதற்கும் ஓடுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் நான் என்ன பேசுவது?

"தேனீக்காரம்மா தேன்ல என்னமோ கலந்து குடுத்து ஆளை மயக்கிட்டா" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தானை வைக்க மறந்துபோன ரேடியோ. காலையில் மயக்கம் என்றவள் மாலையில் வேறு ஸ்டேஷன் வைக்கிறாள்: "பெத்த பையனே பட்டறையைப் பிடுங்கிக்கிட்டு அப்பனை வெளியே தள்ளிட்டானாம்." மறுநாள் கேட்டால் நான்தான் துரத்தினேனாம். ஒரு மனுஷரை எத்தனை பேர்தான் துரத்துவது? கொஞ்சம் வரிசையில் வரச் சொல்லுங்கள்.

மயக்கம் என்கிறவள் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. தேனீ கொட்டிக் கொட்டி அது பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. மயக்குகிறவள் ஆளை அப்படியா திருப்பி அனுப்புவாள்? பழத்தோட்டத்தில் தேனீ வளர்க்கிற அந்தத் தேனீக்காரம்மாவும் ஒன்றும் குமரி இல்லை. என் வயசுதான், என்னைப் போலவே முழங்கால் வலி.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எழுத்து வாசனைதான் இல்லையே தவிர மற்ற வாசனை எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத்தான் எதுவும் தெரியாது. விஷயமே அதுதான். ஊர் பேசுகிறபடி பேசட்டும். நான் நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

அவர் பாலிஷ்காரர். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். கீழே பட்டறை, மேலே வீடு. மாடிப்படி பட்டறைக்குள்ளிருந்துதான் ஏறும். வைத்தியரானாலும் விருந்தாளியானாலும் அலமாரிகளுக்கும் கட்டில் கால்களுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்துதான் எங்கள் வீட்டுக்கு வர முடியும். தச்சர் கொண்டுவந்து இறக்கும்போது மேஜை தூங்கி எழுந்த முகத்தோடு சொரசொரவென்று இருக்கும். இவர் உப்புத்தாளால் தேய்ப்பார். பட்டி வைத்து ஓட்டைகளை அடைப்பார். மறுபடி தேய்ப்பார். அப்புறம் வார்னிஷில் தின்னர் கலந்து துணிப்பந்தால் ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. பிற்பாடு கம்ப்ரஷர் வந்தது. துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துப் பீச்சுவார். வேலை முடிந்ததும் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். "இந்தா, இறங்கி வந்து மூஞ்சியைப் பாரு!" குளத்தில் தெரிகிற மாதிரி என் முகம் அந்த மேஜையில் தெரியும். எங்கள் வீட்டில் வெகுகாலம் முகம் பார்க்கும் கண்ணாடியே வாங்கவில்லை. தேவைப்படவில்லை.

தின்னர் அவருடைய மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. முதலில் பூவின் வாசனை போயிற்று. பிறகு சோப்பு, பிறகு மழை விழுந்த மண். கடைசியில் அடுப்பில் பால் அடிப்பிடித்துப் புகை கண்ணைக் கரிக்கிறவரை பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காத ஒரே ஆள் இந்தத் தெருவில் இவர்தான் என்று நான் கேலி செய்வேன். சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் காரமும் இனிப்பும் கசப்பும் தெரியும். அதற்கு மேல் எல்லாம் ஒன்றுதான். "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "சூடா இருக்கு" என்பார். கோபப்பட்டு என்ன செய்ய?

ஆனால் அவர்மேல் ஒரு வாசனை உண்டு. நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசனை. அவர் வாங்குகிற தின்னருக்கு அந்த வாசனைதான். கல்யாணமான புதிதில் சட்டைப்பையில் பழத்தை ஒளித்துவைத்துக்கொண்டு எனக்குத் தராமல் இருக்கிறார் என்று நினைத்துத் தேடியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. சட்டையில், தலையணையில், பிள்ளையின் உச்சந்தலையில், சுவரில், திரைச்சீலையில், எல்லாவற்றிலும் அது ஊறிப்போயிற்று. படியில் அந்த வாசனை கனத்தால் அவர் மேலே ஏறி வருகிறார் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமலே டீயை ஊற்றி வைப்பேன்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும், இனிமேல் பட்டறையில் நிற்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மகன் தொழிலை எடுத்துக்கொண்டான். இவர் மேலே ஜன்னலோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி, கீழே ஓடும் கம்ப்ரஷர் சத்தத்தை வைத்தே மகனின் தவறுகளைக் கண்டுபிடித்தார். "ரொம்பப் பீச்சுறான்." "காயறதுக்குள்ள அடுத்த கை போடுறான்." மகன் ஒருநாள் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "அப்பா, நீங்க சும்மா இருமினாக்கூட எனக்குத் திட்டுற மாதிரியே கேக்குது" என்றான். இரண்டு பேரும் பாவம். ஒருவனுக்கு வேலை ஓயவில்லை, இன்னொருவருக்கு வேலையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தபால்காரர் வந்தார்.

தபால்காரர் என்றால் இப்போது தபால் கொடுப்பவர் இல்லை. ஓய்வு பெற்று, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். முன்பு அங்கே ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறை இருந்தது. மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோன பிறகு அறையைச் சுற்றி முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. அக்கம்பக்கத்தவர்கள் சேர்ந்து முள்ளை வெட்டி, குழி தோண்டி, அத்தி, மாதுளை, கொய்யா, எலுமிச்சை, மல்பெரி என்று நட்டார்கள். மரத்தடியில் கீரையும் கொடியும். யாருடைய தோட்டம் என்று கேட்டால் எல்லாரும் "எங்களுது" என்பார்கள். எந்த இலையைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, கிளையை எப்படி ஒட்டுக் கட்டுவது, தேனீயை எப்படி வளர்ப்பது, இதெல்லாம் விடுமுறை நாட்களில் அங்கே கையால் செய்து கற்றுக்கொள்ளலாம்.

"அண்ணே, தோட்டத்துல ஒரு பெஞ்சு தோல் உரிஞ்சு கிடக்கு. வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்றார் தபால்காரர்.

பெஞ்சைப் பார்க்கப் போனவர் வெயில் தாழ்ந்துதான் திரும்பினார். பெஞ்சு என்ன ஆயிற்று என்றேன். "எந்த பெஞ்சு?" என்றார்.

அன்று அங்கே இலைப் பாடம் நடந்திருக்கிறது. தபால்காரர் மரங்களுக்கெல்லாம் விலாசம் வைத்திருக்கிறார். மூன்றாவது வரிசை, இரண்டாவது வீடு, மாதுளை. அதற்கு எதிர்வீடு எலுமிச்சை. சண்டைக்காரி, முள் உண்டு. அத்தி மரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஆளுக்கொரு இலையைக் கையில் கொடுப்பாராம். கசக்கி முகர்ந்து, என்ன என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூக்குக்குக் கொண்டுபோனதை இவர் வாயில் போட்டுக்கொண்டார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகும் இவர் கண்ணைத் திறக்கவில்லையாம்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இருங்க. முதல்ல ஒண்ணுமில்ல. இப்ப நாக்கு ஓரத்துல என்னமோ ஊர்ற மாதிரி இருக்கு... இப்ப வாய்க்குள்ள யாரோ ஜன்னலைத் திறந்துட்டாங்க."

வேறொன்றுமில்லை, புதினா. அவருடைய டீயில் நான் எத்தனையோ தடவை போட்டுக் கொடுத்த அதே புதினா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திரு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நானும்தான் சொன்னதில்லை, அடுப்பில் வேலை கிடக்கும்போது யார் சொல்வது? அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தால் வாய்க்குள் நடந்ததைத்தான் பேசுவார். புளியாரை கீச்சென்று கத்துகிறதாம். அத்திக்காய்ப் பால் உதட்டைப் பூட்டிவிடுகிறதாம். கொய்யாத் தளிர் முதலில் முறைத்துவிட்டு அப்புறம் சிரிக்கிறதாம். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க, எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார். பாதி கனவில் இருக்கிறவரை எழுப்பக்கூடாது என்று நானும் குழம்பை மெதுவாக ஊற்றுவேன்.

தோட்டத்தின் கடைசியில், இடிந்த மதிலோரம், மல்பெரி நிழலில்தான் தேனீப் பெட்டிகள் இருந்தன. தேனீக்காரம்மா தண்ணீருக்குள் நடப்பவள் மாதிரி நடப்பாள். அவசரமாக ஒரு கையைக்கூட அசைக்க மாட்டாள். ஒரு மாலை, தேனீயெல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, இவரைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் காதை வச்சுக் கேளுங்கண்ணா" என்றிருக்கிறாள். பெட்டியின் பின்பக்கம், வெயில் ஏறின பலகை. இவர் மண்டியிட்டுக் காதை வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து நேரே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். கீழே கம்ப்ரஷர் ஓடிற்று. மகன் எதையோ தப்பாகத்தான் பீச்சியிருப்பான். இவர் கவனிக்கவே இல்லை.

"என்னங்க?" என்றேன்.

"பெட்டிக்குள்ள மழை பெய்யுது" என்றார்.

நானும் பிறகு ஒருநாள் கேட்டேன். உண்மைதான். தூரத்தில், வேறு யாருடைய ஊரிலோ பெய்கிற மழை. காதை எடுக்க மனசு வராது. பூவும் தூசியும் மிதந்து இறங்கிக்கொண்டே இருந்தன. மாலை வெயில் இலைக்கு இலை தாவித் தாவிக் கீழே வந்தது. நான் யார், அடுப்பில் என்ன வைத்துவிட்டு வந்தேன் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. முழங்கால்தான் ஞாபகப்படுத்திற்று.

அந்த மழைக்காக அவர் தேனீப் பாடத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு வழக்கம். பூக்காலம் முடிவதற்குள், கற்றுக்கொள்கிறவர் ஒரு பெட்டியைத் தானாகத் திறக்க வேண்டும். தேனீக்காரம்மா தள்ளி நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். மூடியை எடுத்து, தேனடை உள்ள சட்டம் ஒன்றை வெளியே தூக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு தேனீயும் நசுங்காமல் திரும்ப வைத்து மூட வேண்டும். செய்துவிட்டால் அந்தப் பெட்டி அவருடைய பொறுப்பு. செய்யாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும். முடிவெட்டுகிறவர் திறந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, பூனையைக் கண்டால் அலறுகிறவள், அவளும் திறந்தாள்.

இவர் பெட்டிக்குப் பக்கத்தில் போகும்போதே தேனீ வந்தது. மாலையில் அடங்கினபின் காதை வைத்தால் ஒன்றும் செய்யாது. பகலில் மூடியைத் தொடப் போனால் கூட்டமாக எழும்பும். சுற்றி இத்தனை பேர் நிற்க, எல்லாரையும் விட்டுவிட்டு இவரிடமே வந்தது. வலைத் தொப்பிக்குள் நுழைந்தது. சட்டைக்கு மேலாகவே கொட்டியது. முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த தடவைகளில் இவர் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க ஆரம்பித்தார்கள்.

"உங்களை மட்டும் ஏங்க?" என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டேன்.

"பூச்சிக்கு ஆள் தெரியும் போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வீங்கின கண்ணோரம் ஈரமாக இருந்தது. "எனக்கு ஒரே ஒரு தடவை அதைத் திறந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மனுஷர் வாழ்நாளில் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. துவைத்த சட்டை இல்லையா, கழற்றினதையே போட்டுக்கொள்வார். சோறு இல்லையா, டீ போதும். அப்படிப்பட்டவர் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும் என்று கேட்கிறார். வீம்பு பிடித்தவள் நான். இனி இது என் வீம்பு என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

தேனீக்குத் தன்மேல் வருத்தம் இருந்தால் சமாதானப்படுத்த வேண்டும் என்று அவர் ஒரு யோசனை செய்தார். பாலிஷ்காரருக்கு என்ன யோசனை வரும்? காலியான பெட்டி ஒன்றைத் தோட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். வெறும் மரம், நகம் பட்டாலே சிராய் ஏறும். "இந்த வீட்டுல யாருதான் சந்தோஷமா இருப்பாங்க?" என்றார். வைத்தியர் சொன்னதை வைத்தியரிடமே விட்டுவிட்டுப் பட்டறைக்கு இறங்கினார். அப்பனும் மகனும் அன்றுதான் சண்டையில்லாமல் சேர்ந்து வேலை செய்தார்கள். உப்புத்தாள், பட்டி, மறுபடி உப்புத்தாள், ஒரு கை, காயவிட்டு இன்னொரு கை. வெளியில் மட்டுமா? உள்ளேயும்! மூலை முடுக்கெல்லாம்! சட்டங்களைக்கூட விடவில்லை. "உள்ள இருக்கிறவங்களுக்குத்தானேடா வீடு" என்றார் மகனிடம். காய்ந்ததும் மூடியில் என் முகத்தைக் காட்டினார். ராணித் தேனீயே இறங்கி வந்து தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுக்கு.

துணியைப் போர்த்தி, குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். துணியை விலக்கியதும் எல்லாரும் "அடேயப்பா!" என்றார்கள். தேனீக்காரம்மாவுக்கு அன்று பார்த்து நல்ல ஜலதோஷம், மூக்கு சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "உள்ளேயுமா போட்டீங்க?" என்று இழுத்தாள்.

"நல்லாக் காஞ்சாச்சும்மா. கை வச்சுப் பாருங்க, ஒட்டாது."

அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பழைய பெட்டியைத் திறந்து, சட்டம் சட்டமாகத் தேனீயோடு எடுத்துப் புதுப் பெட்டிக்குள் இறக்கி மூடினாள்.

மழைச் சத்தம் மாறிற்று. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஆயிற்று. வாசல் துவாரத்திலிருந்து அத்தனையும் புகையாகக் கொட்டிக்கொண்டு வெளியே வந்தன. பாதி அத்தி மரத்தில் ஏறிக் கிளையில் கொத்தாகத் தொங்கின. மீதிப் பாதி, வேறு எங்கே, இவரிடம்தான். தபால்காரர் இவர்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி இழுத்துக்கொண்டு ஓடினார்.

எல்லாம் அடங்கின பிறகு நான் அந்தப் பெட்டியண்டை போனேன். வெயிலில் சூடேறியிருந்தது. குனிந்ததும், வீட்டுப் படியில் நிற்கிற மாதிரி இருந்தது.

"எங்க வீட்டு வாசனை" என்றேன். "வாழைப்பழம்."

தேனீக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குள் தலையை விட்டு ஆழமாக இழுத்தாள். பிறகு இவர் சட்டைக் காலரைப் பிடித்து முகர்ந்தாள். அப்புறம் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணா. தோட்டத்து வாசல்ல போர்டு பாக்கலியா? வாழைப்பழம் சாப்பிட்டுட்டுப் பெட்டிகிட்ட வராதீங்கன்னு."

"பாத்தேன். நான்தான் சாப்பிடவே இல்லியே."

அவள் விளக்கினாள். ஒரு தேனீ கொட்டினால், கொட்டின இடத்தில் ஒரு வாசனையை விட்டுப்போகுமாம். எதிரி இங்கே இருக்கிறான், எல்லாரும் வாருங்கள் என்று மற்றத் தேனீக்களுக்குச் சொல்கிற வாசனை. அந்த வாசனை கனிந்த வாழைப்பழம் மாதிரியேதான் இருக்குமாம். "உங்க உடம்பெல்லாம் அதுதான் இருக்குண்ணா. எனக்கு ரெண்டு மூணு தடவை சந்தேகம் வந்துச்சு. யாரோ பழம் கொண்டுவந்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் தேனீ கொட்டின கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப நான் இத்தனை நாளா, வாங்க, வந்து கொட்டுங்கன்னு கத்திக்கிட்டே அதுங்க முன்னாடி போய் நின்னிருக்கேன்" என்றார். "அதுங்க மேல தப்பே இல்ல."

எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்கிற வாசனை. தேனீக்கு "கொட்டு" என்று சொல்வது எனக்கு "வந்துட்டேன்" என்று சொல்லும். இதை அங்கே யாரிடம் சொல்ல?

அன்று மாலையே தேனீக்களைக் கிளையிலிருந்து இறக்கிப் பழைய பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். மினுக்குப் பெட்டி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து துவரம்பருப்பு வைத்துக்கொள்ள ஆயிற்று.

பிறகு நாங்கள் அந்த வாசனையோடு சண்டை போட்டோம். சட்டையைச் சாம்பலில் ஊறவைத்தேன், எலுமிச்சையில் ஊறவைத்தேன். தோட்டத்திலேயே துவைத்து அங்கேயே உலர்த்தி, அங்கே போய் மாற்றிக்கொண்டார். தலைமுடியில் நிற்கிறது என்று மொட்டை போட்டுக்கொண்டார். அதற்கு ரேடியோ, அவருக்குத் துறவு மனசு வந்துவிட்டது என்றாள். தேனீ வருவது குறைந்தது, நிற்கவில்லை. பெட்டியை நெருங்கினால் பழையபடி எழும்பும். "அதுங்களுக்கு இன்னும் சந்தேகம் இருக்குண்ணா" என்பாள் தேனீக்காரம்மா. வாசனை சட்டையில் இல்லையே. அவர் தூங்குகிற சுவரில் இருந்தது. ராத்திரி மூச்சில் ஏறிக் காலையில் தோலில் வந்தது. மாதுளை பூத்து முடிந்து பிஞ்சு பிடிக்க ஆரம்பித்தது. எலுமிச்சை மட்டும்தான் இன்னும் பூத்துக்கொண்டிருந்தது.

மகன் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்: "அப்பா, தண்ணியில கலக்குற பாலிஷ் ஒண்ணு வந்திருக்கு. வாசனையே இல்ல. நான் அதுக்கு மாறிடறேன்."

"மினுக்கு வருமா?"

மகன் தட்டைப் பார்த்தான். "உங்க அளவுக்கு வராது."

"அப்ப வேணாம். மூஞ்சி தெரியாத மேஜையை என் பட்டறையிலிருந்து அனுப்பாதே."

"பெட்டி வேணாமாப்பா உங்களுக்கு?"

"பெட்டிக்காக உன் கையைக் கெடுக்கச் சொல்றியா? சாப்பிடு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவரும் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மேஜைமேல் காதை வைத்துக்கொள்வார். கீழே கம்ப்ரஷர் அதிரும். "என்ன கேக்குது?" என்றால், "மேஜை" என்பார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு வெளியே நின்று தேனீக்காரம்மாவைக் கூப்பிட்டேன். நானும் அந்த வீட்டுக்காரிதானே, என்மேலும் அதே வாசனைதானே. அவள் வேலிக்கு உள்ளே, நான் வெளியே.

"அந்த வாசனை ஒரு ஆளைவிட்டுப் போக எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியாதுக்கா. அந்த வீட்டுல படுத்து எழுந்திருக்கிற வரைக்கும் போகாது. அது மட்டும் தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "பம்ப் ரூம் காலியாத்தான் கிடக்கு. காவலுக்கு இருந்தவர் பொண்ணு வீட்டோட போயிட்டாரு. ஒரு கட்டில் இருக்கு. ஆனா இதை நான் எப்படிக்கா உங்ககிட்ட சொல்றது?"

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். இந்த வயசில் தனியாகவா என்றார். நீயும் வா என்றார். "எனக்குப் பெட்டி திறக்கணும்னு ஆசை கிடையாது. எனக்கு என் வீடு வேணும், என் அடுப்பு வேணும், பேரப்பிள்ளைங்க வேணும்" என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றார். "ரேடியோவுக்கும் பாட வேண்டாமா?" என்றேன். கோபப்பட்டார், கெஞ்சினார், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். நான் விடவில்லை. எலுமிச்சைப் பூ எனக்காகக் காத்திருக்குமா? "கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கேக்காத மாதிரி நடிக்காதீங்க" என்றேன். எழுந்து உட்கார்ந்து, "எப்பப் போகணும்?" என்றார்.

போகிற நாள் காலையில் மகன் பட்டறையில் வேலை வைத்துக்கொள்ளவில்லை. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டான். டப்பாக்களை இறுக மூடிச் சாக்கைப் போட்டுப் போர்த்தினான். தபால்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். தோட்டத்தில் துவைத்து, எலுமிச்சை மரத்தடியில் உலர்த்தின சட்டையும் கால்சட்டையும் துண்டும், எங்கள் வீட்டுக் காற்றே படாதவை. "உங்களுக்கு ஒரு பார்சல்ணே. கையெழுத்து வேணாம்" என்றார்.

வாசல் குழாயடியில்தான் குளித்தார். தேனீக்காரம்மா கொடுத்தனுப்பிய வாசனையில்லாத சோப்பு. முதுகை மகன் தேய்த்துவிட்டான். கட்டில் காலைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தான். "டேய், பாலிஷ் போயிடப் போகுதுடா" என்றார். எதிரில் ரேடியோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தபால்காரர் ஒரு போர்வையை விரித்து மறைப்புப் பிடிக்க, தெருவிலேயே உடை மாற்றினார். செருப்பும் தபால்காரருடையதுதான், இவருக்குக் கொஞ்சம் பெரிது.

என்னிடம் சொல்லிக்கொள்ள உள்ளே வரக் காலெடுத்து வைத்தார். நான் படியிலேயே நின்றுகொண்டு கையைக் காட்டினேன்.

"வராதீங்க. குளிச்சாச்சு."

வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். எங்களுக்கு நடுவில் பாதி பாலிஷ் போட்ட அலமாரி ஒன்று நின்றது. அதில் அவர் தெரிந்தார். பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும், மொட்டைத் தலையும் பெரிய செருப்புமாக, எங்கோ பள்ளிக்கூடத்தில் சேரப் போகிற பிள்ளை மாதிரி.

"சீப்பு எடுத்துக்கவா?" என்றார்.

"தலையே இல்ல, சீப்பு எதுக்கு?"

"டம்ளர்?"

"அங்க இருக்கும். இங்கேயிருந்து ஒரு பொருளும் வேண்டாம்."

"நீ எப்ப வருவ?"

"வேலி வரைக்கும் வருவேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு நிப்பேன்."

தலையை ஆட்டினார். போகத் திரும்பினவர் மறுபடி நின்றார். "அந்த வாசனை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும்" என்றேன். "போயிட்டு வாங்க."

இரண்டு கையையும் வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். செருப்பு தொளதொளவென்று அடித்தது. மாற்றுத் துணி இல்லை, சாப்பாட்டு டப்பா இல்லை, குடை இல்லை. பெண்டாட்டி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாள் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். முடிவெட்டும் கடையைத் தாண்டினார். காற்று எங்கள் பட்டறை வழியாகத் தெருப்பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. திறந்துபோட்ட ஜன்னலெல்லாம் திரைச்சீலை வெளியே பறந்தது. அவர் முனை திரும்புகிறவரைகூட நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஓடிப்போய் வாசல் கதவை இழுத்துச் சாத்தினேன். படீரென்று சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். எங்கள் வீட்டு வாசனை அவர் பின்னாலேயே போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.